ராயக்கோட்டையின் இரண்டரை அடி ரயில்

ஓசூருக்கும் தருமபுரிக்கும் இடையே, குன்றின்மேல் பழங்கோட்டையைத் தாங்கி நிற்கும் ராயக்கோட்டைக்கு இன்று செல்பவர், மண்டியில் தக்காளிக் கிரேட்டுகள் லாரிகளில் ஏறுவதைக் காண்பாரேயன்றி, இவ்வூரின் வழியே ஒரு காலத்தில் விளையாட்டுச் சாமான் போன்றதொரு ரயில் ஓடிற்று என்பதை ஊகிக்கவும் மாட்டார்.

அந்த ரயில் லாபத்தை உத்தேசித்துப் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த தாது வருஷப் பஞ்சத்தில், தானியம் கிடைக்கும் இடத்திலிருந்து பசித்தவன் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுசெல்ல வகையில்லாமல், வண்டிமாடுகளும் மடிந்து, சேலம் ஜில்லா பட்ட துயரத்துக்குப் பின்னர், பஞ்சநிவாரணத்திற்கென்றே ரயில் பாதைகள் அமைக்க வேண்டுமென்ற எண்ணம் சர்க்காருக்கு உதித்தது. அவ்வாறு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் போடப்பட்ட பாதை, 1913-ல் பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஓசூர்வரை நீண்டது.

தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி இரண்டரை அடியே. மொரப்பூரைத் தொட்டுச் செல்லும் பெரிய பாதையிலோ அது ஐந்தரை அடி. ரயிலின் இருபக்கச் சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவையாதலால், வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட நேரும்போது உள்சக்கரத்தோடு இழுபறி உண்டாகிறது. இடைவெளி குறையக் குறைய அந்த வித்தியாசமும் குறைவதால், குறுகிய வண்டி குன்றுகளைக் குடையாமல் சுற்றி வளைந்தே செல்ல இயலும். சுமார் 1,500 அடி உயரத்துத் தருமபுரியிலிருந்து 2,900 அடி உயரத்து ஓசூருக்கு ஏறவேண்டிய பாதைக்கு இதைவிடச் சிக்கனமான உபாயம் இல்லை.

சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டல்லவா? ராகி மூட்டையோ புளி மூட்டையோ, சென்னைக்குப் போகவேண்டுமானால், மொரப்பூரில் சிறிய வண்டியிலிருந்து இறக்கி, முதுகில் சுமந்து, பெரிய வண்டியில் மறுபடி அடுக்கியாக வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் இரும்பைத் தேடி அலைந்தபோது, 1941-ல் ஓட்டம் நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. பெரிய பாதையாக இருந்திருப்பின் அவ்வளவு சுலபமாகக் கைவைத்திருக்க மாட்டார்கள் என்பதே என் எண்ணம்.

1960-களில் சேலம்–பெங்களூர் மீட்டர் பாதை வந்து, அதுவும் பின்னர் அகலப்பாதையாக மாற்றப்பட்டு, ராயக்கோட்டையில் மீண்டும் ரயில் நிற்கிறது. திருப்பத்தூரிலிருந்து இதே இரண்டரை அடிப் பாதையைப் பெற்று, அதையும் இழந்த கிருஷ்ணகிரியில், அது மாவட்டத் தலைநகரான பின்னும், இன்றுவரை ரயில் நிலையம் இல்லை.