பள்ளிக்கூடம் திறக்கப் போகுது... வாண்டுகள் ரெடியா?

சென்னை:
கோடை விடுமுறை முடியப் போகிறது என்றாலே வீட்டுக்கு வீடு ஒரே பாட்டு தான். "அம்மா, இன்னும் ரெண்டே ரெண்டு நாள்ம்மா" என்று வாண்டுகள் கெஞ்சும். "ஆட்டம் போட்டது போதும். ஸ்கூல் திறக்கட்டும், உங்க மிஸ்கிட்ட சொல்றேன் பாரு" என்று அம்மா மிரட்டுவார். பரண் மேல் கிடந்த புத்தகப் பையும் ஷூவும் மெல்ல கீழே இறங்கும்.

தமிழகத்தில் பள்ளிகள் பொதுவாக ஜூன் மாதம் திறக்கின்றன. வெயில் கொளுத்தினால் தேதி தள்ளிப் போவதும் உண்டு. 2023-ம் ஆண்டு 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஜூன் 14-ந்தேதி தான் திறந்தார்கள். 2025-ல் ஜூன் 2-ந்தேதியே மணி அடித்து விட்டது. 'எப்படியும் தள்ளி வைப்பாங்க' என்று நம்பி கடைசி வரை ஊரிலேயே இருந்து விடும் குடும்பங்கள் நிறைய. முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, தூங்கி வழியும் பிள்ளைக்கு 8 மணிக்கு யூனிபார்ம் மாட்டினால் அது அழாமல் என்ன செய்யும்?

எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு குழந்தைகள் பள்ளி வாசலில் அழுவதற்கு பாதி காரணம் பள்ளிக்கூடமே இல்லை. தூக்கம் தான்.

தூக்கக் கணக்கு

3 முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். 6 வயதில் இருந்து 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கு இது.

காலை 6.30 மணிக்கு எழ வேண்டிய 5 வயது குழந்தை, பகலில் தூங்காவிட்டால் இரவு 8.30 மணிக்காவது படுத்திருக்க வேண்டும். லீவில் என்ன நடக்கிறது? பாட்டி வீட்டில் மாமா பிள்ளைகளோடு ராத்திரி 11 மணி வரை டி.வி., செல்போன், மொட்டை மாடி அரட்டை. காலையில் 9 மணிக்கு தான் கண் திறக்கும்.

பழக்கத்தை மாற்ற நினைக்கும் பெற்றோர் செய்கிற தவறு, திடீரென்று ஒரு நாள் எட்டரை மணிக்கே விளக்கை அணைத்து படுக்க வைப்பது. 11 மணிக்கு பழகிய உடம்பு எட்டரைக்கு தூங்காது. குழந்தை புரண்டு புரண்டு படுக்கும், தண்ணி கேட்கும், பாத்ரூம் என்று எழும். கடைசியில் ஒரு அடி விழும்.

இரவை விட்டு விட்டு காலையில் இருந்து தொடங்குவது தான் சுலபம். தினமும் 15 நிமிடம் முன்னதாக எழுப்ப வேண்டும். எழுந்த கையோடு வாசலுக்கோ மாடிக்கோ கூட்டிப் போய் வெளிச்சத்தில் நிற்க வைக்க வேண்டும். மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தை திருப்பி வைக்கும் சாவி காலை வெளிச்சம் தான். சீக்கிரம் எழுந்த பிள்ளைக்கு ராத்திரி தானாகவே சீக்கிரம் கண் சொக்கும். 9 மணியில் இருந்து 6.30-க்கு வர இந்த கணக்கில் 10 நாள் ஆகும். நாலைந்து நாள் தான் இருக்கிறது என்றால் அரை மணி நேரமாக குறைக்கலாம். கொஞ்சம் சிணுங்கல் இருக்கும், அவ்வளவு தான்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டி.வி.யும் செல்போனும் ஓய்ந்து விட வேண்டும். குழந்தைக்கு மட்டும் தடை போட்டு விட்டு பக்கத்தில் அப்பா ரீல்ஸ் பார்த்தால் வேலைக்கு ஆகாது.

"எட்டரைக்கு தூங்க வெச்சா அப்பாவை எப்பத்தான் பார்க்கும்?" என்று கேட்கும் வீடுகள் உண்டு. நியாயமான கேள்வி தான். அந்த வீடுகளில் காலை நேரத்தை அப்பாவிடம் கொடுத்து விடலாம். குளிப்பாட்டுவது, ஷூ மாட்டி விடுவது, வேன் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு.

அந்த ஷூவையும் முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நல்லது. லீவில் கால் வளர்ந்திருக்கும்.

அவசரமா வந்தா?

யாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. லேட்டாக எழும் பழக்கத்தில் குழந்தை காலைக்கடன் கழிக்கும் நேரமும் மாறிப் போயிருக்கும். பள்ளி திறந்ததும் அவசர அவசரமாக கிளம்பும்போது வராது. பள்ளி கழிவறைக்கு போக கூச்சம். அடக்கி வைத்தால் மலச்சிக்கல் வரும். சிறுநீரை அடக்கி, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நோய்த்தொற்று வரும். காலையில் சாப்பிட்டதும் 10 நிமிடம் உட்கார வைத்து பழக்க வேண்டும். "மிஸ், பாத்ரூம் போகணும்" என்று தயங்காமல் கேட்கவும் வீட்டிலேயே சொல்லித்தர வேண்டும்.

ஆனால் லீவு முழுக்க மிஸ்சை பூச்சாண்டியாக காட்டி விட்டு, அவரிடம் போய் இதை கேள் என்றால் எந்த குழந்தை கேட்கும்? "மிஸ்கிட்ட சொல்றேன்" மிரட்டலை முதலில் நிறுத்த வேண்டியது அதனால் தான்.

அதே மாதிரி, குழந்தை பராக்கு பார்க்கும்போது நைசாக நழுவி விடும் அம்மாக்களும் உண்டு. அன்றைக்கு தப்பிக்கலாம். திரும்பிப் பார்த்த குழந்தைக்கு அம்மாவை காணோம் என்றால், மறுநாள் முந்தானையை விடவே விடாது. சொல்லி விட்டு தான் போக வேண்டும். 4 வயது குழந்தைக்கு '3 மணிக்கு வர்றேன்' என்பது புரியாது. "சாப்பிடுவே, விளையாடுவே, பெல் அடிக்கும், அம்மா கேட்கிட்ட நிப்பேன்" என்றால் புரியும். சொன்னபடி நிற்கவும் வேண்டும். ஒரு தடவை முத்தம், ஒரு தடவை டாட்டா, பிறகு கிளம்பி விட வேண்டும்.

அழுகை நிற்கலையா?

பெரும்பாலான குழந்தைகள் ஒன்றிரண்டு வாரத்தில் பழகி விடும். பழகிய குழந்தை திடீரென்று மாறினால் தான் கவனிக்க வேண்டும். பள்ளி நாளில் மட்டும் வயிற்று வலி, நின்று போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, குறிப்பிட்ட வேனையோ ஆளையோ கண்டால் நடுங்குவது, இதையெல்லாம் 'ஸ்கூலுக்கு போக நடிக்குது' என்று தள்ளி விடக்கூடாது.

மாலையில் வந்ததும் "என்ன நடந்தது, யார் அடிச்சா?" என்று குடைந்தால் குழந்தை வாய் திறக்காது. சாப்பாடு ஊட்டும்போதோ தலை வாரும்போதோ தானாக வரும். வந்தால் நடுவில் புகுந்து திட்டாமல் கடைசி வரை கேட்க வேண்டும். தவறாக ஏதாவது நடந்திருப்பது தெரிந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணம் இல்லாமல் அழைக்கலாம்.