கடனுக்கும் உண்டு அரை ஆயுள்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். பாடத்தில் இல்லாத கேள்வி. அவன் வீடு சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறார். அண்ணன் அச்சகத்தில் ஆப்செட் இயந்திரம் ஓட்டுகிறார். அண்ணன் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு. அதில் 40,000 ரூபாய் பாக்கி. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சேர்த்து 20,000 ரூபாய் போனஸ் வரப்போகிறது.

“போனஸ் முழுவதையும் கார்டுக்குக் கட்டிவிடலாமா சார்? இல்லை, கொஞ்சம் கையில் வைத்துக்கொள்வதா?”

கட்டிவிடு என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். கார்டின் வட்டி ஆண்டுக்கு 42 விழுக்காடு. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தருவது 4 விழுக்காடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் அவன் தொடர்ந்து, தீபாவளி கழிந்தால் அம்மாவின் ஆலை ஒரு மாதம் திறக்காது என்றான். கணக்கு அந்த ஒரு மாதத்தில்தான் மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதை, எனக்குத் தெரிந்த இயற்பியலைக் கொண்டே உங்களுக்கு விளக்க முயல்கிறேன்.

முதலில் கடனின் இயல்பைப் பார்ப்போம். கார்டு வட்டி பெரும்பாலும் மாதக் கணக்கில் சொல்லப்படும். மாதம் 3.5 விழுக்காடு என்று கொள்வோம். கேட்பதற்குச் சிறிய எண். அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மாதம் 4.13 விழுக்காடு. அடுத்த மாத வட்டி, இந்த மாத வட்டியையும் சேர்த்த தொகையின்மேல் கணக்கிடப்படும். இருக்கும் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் பெருகும் எதுவும் ஒரே சூத்திரத்துக்கு உட்பட்டது. பாக்டீரியாவின் பெருக்கமும் அதுதான், வட்டிக்கு வட்டியும் அதுதான். 70 என்ற எண்ணை வளர்ச்சி விழுக்காட்டால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும். 70-ஐ 4.13-ஆல் வகுத்துப் பாருங்கள்: 17 மாதம். ஒன்றுமே கட்டாமல் விட்டால், அபராதக் கட்டணங்களைச் சேர்க்காமலே, 40,000 ரூபாய் ஒன்றரை ஆண்டுக்குள் 80,000 ஆகிவிடும்.

ஒன்றுமே கட்டாமல் விடுவோர் குறைவு. பெரும்பாலோர் கட்டுவது, மாதப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் ‘குறைந்தபட்சத் தொகை’. அது பாக்கியில் 5 விழுக்காடு என்று கொள்வோம் (வங்கிக்கு வங்கி முறை சற்று மாறும்). 40,000 ரூபாய்க்கு 2,000 ரூபாய். அதில் வட்டியும் வரியும் 1,652 ரூபாயை விழுங்கிவிடும். கடன் குறைவது வெறும் 348 ரூபாய், அதாவது 0.87 விழுக்காடு.

கதிரியக்கம் படித்த மாணவர்களுக்கு இந்த இடம் பழக்கமானதாகத் தோன்றும். ஒவ்வொரு மாதமும் இருப்பதில் 0.87 விழுக்காடு மட்டும் குறைகிறது. அடுத்த மாதம் பாக்கி குறைந்திருப்பதால் குறைந்தபட்சத் தொகையும் குறைகிறது. ரேடியம் சிதைவதும் இதே முறையில்தான். ஆகவே இக்கடனுக்கு ஓர் அரை ஆயுள் உண்டு. கணக்கிட்டால் 79 மாதம் வருகிறது. ஆறரை ஆண்டு தவறாமல் கட்டிய பிறகு, கடன் பாதியாகியிருக்கும். இன்னும் ஆறரை ஆண்டில் கால்வாசி மிஞ்சும். இதுவும் கார்டை வைத்துப் புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் இருந்தால்தான்.

இதை வகுப்பில் பலமுறை நடத்திய நானே, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆண்டுக்கு மேல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு ‘ஒழுங்காகக் கட்டுகிறேன்’ என்று நிம்மதியாக இருந்தவன். எம்.எஸ்சி. பட்டம் அதற்குத் தடையாக இல்லை.

இப்போது சிறிய மாற்றம் ஒன்று செய்து பாருங்கள். பட்டியல் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், முதல் மாதம் கட்டிய அதே 2,000 ரூபாயை மாறாமல் கட்டுங்கள். 44-ஆவது மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும்! ஒன்றில் 79 மாதத்தில் பாதி. மற்றதில் 44 மாதத்தில் பூச்சியம். தொடங்கும்போது கட்டும் தொகை இரண்டிலும் ஒன்றே. கட்டும் தொகையைக் கடனோடு சேர்ந்து சுருங்க விடுவதுதான் கேட்டுக்கு வேர். ரிசர்வ் வங்கியும் 2022-இல் வெளியிட்ட கட்டளைகளில், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் மாதங்களாக, ஆண்டுகளாக நீளும் என்ற எச்சரிக்கையைப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்று கூறியிருக்கிறது. உங்கள் வீட்டில் பட்டியல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும்.

வட்டிக்குச் சட்டப்படி ஓர் உச்சவரம்பு இல்லையா என்று சிலர் கேட்கலாம். 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது.

இதுவரை படித்தவர்கள், ‘அப்படியானால் 20,000 ரூபாயையும் கட்டிவிட வேண்டியதுதானே’ என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பேட்டரி எலிமினேட்டர் என்ற பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசையாக்கித் தரும் கருவி. அதில் உள்ள திருத்தி, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுமே தவிர, சீராக விடாது. ஒரு துடிப்பு வரும். பிறகு ஓர் இடைவெளி. மீண்டும் ஒரு துடிப்பு. அந்த இடைவெளியில் கருவி அணைந்துபோகாமல் காப்பது மின்தேக்கி. துடிப்பு வரும்போது சிறிது மின்னூட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வராதபோது கொடுக்கும்.

பட்டாசுத் தொழிலாளி குடும்பத்தின் வருமானம் இந்தத் துடிப்பு மின்னோட்டத்தைப் போன்றது. மாசி, பங்குனி வெயிலில் வேலை மும்முரம். மழை பெய்தால் மருந்து காயாது. காயாத நாளில் கூலி இல்லை. தீபாவளிக்கு முன் போனஸ். அதன்பின் ஆலை மூடும். பூஜை போட்டுத் திறக்கும்வரை இடைவெளி. இவை நாள்காட்டியில் தெரியும் இடைவெளிகள். தெரியாதவையும் உண்டு. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்து, பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்றது. (பட்டாசில் பச்சை ஒளி தருவது பேரியம்தான், ‘பசுமை’ப் பட்டாசில் அந்தப் பச்சைக்கு இடமில்லாமல் போனது!) அந்தத் தீபாவளி கழிந்து மூடிய ஆலைகள் பல, மாதக்கணக்கில் திறக்கவில்லை. அடுத்து 2020 மார்ச்சில் நாடே பூட்டப்பட்டது. அப்போது ரிசர்வ் வங்கி, கார்டு பாக்கி உள்பட எல்லாத் தவணைகளையும் ஆகஸ்ட் வரை தள்ளிப்போட வழிசெய்தது. தவணை நின்றதே தவிர வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வட்டிக்கு வட்டியை மட்டும் பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது.

மின்தேக்கி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அதற்கு எளிய விதி உண்டு. தேவையான மின்னூட்டம் என்பது, மின்னோட்டத்தையும் இடைவெளிக் காலத்தையும் பெருக்கிவரும் தொகை. குடும்பத்துக்கும் இதே விதி பொருந்தும். நாள் ஒன்றுக்கு வேண்டிய செலவை, வருமானம் நிற்கும் நாள்களால் பெருக்குங்கள். என் மாணவன் வீட்டில், அம்மாவின் கூலியால் நடக்கும் செலவு நாளுக்கு 300 ரூபாய். இடைவெளி 30 நாள். கையிருப்பு 9,000 ரூபாய் வேண்டும். இந்தக் கணக்கில் கடன் எவ்வளவு என்ற எண் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு லட்சம் கடன் இருந்தாலும், ஐயாயிரம் கடன் இருந்தாலும், முதலில் ஒதுக்க வேண்டிய தொகையை முடிவு செய்வது வருமானத்தின் இடைவெளிதான். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என் போன்றோருக்குச் சிறிய மின்தேக்கி போதும்; மீதியைக் கடனுக்குத் தள்ளலாம்.

இன்னொன்று. இருவர் சம்பாதிக்கும் வீடு பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். இருவரும் ஒரே பட்டாசு ஆலையில் இருந்தால், இரண்டு துடிப்பும் ஒரே கட்டத்தில் வந்து ஒரே கட்டத்தில் நிற்கும். இடைவெளி அப்படியே இருக்கும். மின்தேக்கியைத்தான் இரட்டிப்பாக்க வேண்டும். என் மாணவன் வீட்டில் ஒருவர் ஆலையில், ஒருவர் அச்சகத்தில் என்பது அவர்களுடைய நல்ல காலம்.

கையிருப்புக்கும் ஒரு வாடகை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 9,000 ரூபாயைக் கார்டுக்குக் கட்டாமல் வைத்திருந்தால், அதற்காக மாதம் 372 ரூபாய் வட்டியும் வரியும் ஏறும். சரி, கட்டிவிட்டால்? நவம்பரில் வீட்டில் அரிசி வாங்கப் பணம் இருக்காது. எங்கே போவார்கள்? தெருக்கோடியில் பத்து வட்டிக்குக் கிடைக்கும். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது, வட்டியும் இருக்கிறது. 9,000 ரூபாய்க்கு மாதம் 900 ரூபாய். 372 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் 900 ரூபாய் கொடுக்க நேரும். முதலைத் திருப்பும்வரை ஒவ்வொரு மாதமும் இதே கதை.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து என்னை மடக்கலாம். “கார்டுக்குக் கட்டிவிட்டு, தேவைப்படும்போது கார்டிலிருந்தே மறுபடி எடுத்தால் என்ன? வட்டி ஒன்றுதானே?” நல்ல கேள்வி. கடையில் பொருள் வாங்கும் அளவில் அவர் சொல்வது சரி. அந்த வழி மலிவானதுங்கூட. ஆனால் கிராமத்து மளிகைக் கடையும் வீட்டு வாடகையும் ரொக்கம் கேட்கும். கார்டிலிருந்து ரொக்கம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி. அதோடு பல வங்கிகளில் 2.5 விழுக்காடு அல்லது 500 ரூபாய், எது கூடுதலோ அது, தனிக் கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் வரம்பைக் குறைக்கும் உரிமை வங்கியிடம் இருக்கிறது. ஊரெல்லாம் வேலை நின்றுபோன காலத்தில்தான் அது நினைவுக்கு வரும். தேவைப்படும் நேரத்தில் யாரோ ஒருவர் கழற்றிவிடக்கூடிய மின்தேக்கியை நம்பிக் கருவி செய்ய முடியாது.

நகை இருக்கிறதே என்பாரும் உண்டு. இருந்தால் நல்லதுதான். வங்கி நகைக்கடன் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைவான வட்டியில் கிடைப்பதுண்டு. கார்டு பாக்கியை அதற்கு மாற்றிவிடுவதே கணக்குப்படி சிறந்தது. என் மாணவன் வீட்டில் நகை ஏற்கெனவே அடகில் இருந்தது.

ஆகவே இருவருமாகக் கரும்பலகையில் போட்ட கணக்கு இது. 20,000 ரூபாயில் 9,000 தெரிந்த இடைவெளிக்கு. மழை, காய்ச்சல் போன்ற தெரியாத இடைவெளிக்கு மேலும் 3,000. பின்னதற்கு மாத வாடகை 124 ரூபாய். காப்பீட்டுச் சந்தா என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 8,000 ரூபாயை அன்றே கார்டுக்குக் கட்டுவது, பாக்கி 32,000. அண்ணன் சம்பளத்திலிருந்து மாதம் 3,000 ரூபாய், பட்டியல் எவ்வளவு கேட்டாலும், மாறாமல் கட்டுவது. இப்படி 11 மாதம் சென்றால் பாக்கி ஏறத்தாழ 9,200 ரூபாய். அப்போது அடுத்த போனஸ் வந்திருக்கும். அதில் கடன் முடிந்து, அடுத்த இடைவெளிக்கும் பணம் மிஞ்சும். அதுவரை கார்டு பீரோவுக்குள். ஏனென்றால் பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத சலுகை நாள்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பலருக்கு இது தெரிவதில்லை.

எந்த மின்தேக்கியிலும் ஒழுக்கு உண்டு. கையிருப்பில் ஒழுக்கு பெரும்பாலும் மொய்யாகவோ பங்குனிப் பொங்கல் துணிமணியாகவோ இருக்கும். தேதி தெரிந்த செலவு இடர் ஆகாது. அதற்குத் தனியே ஒதுக்க வேண்டும். ஆகவே அந்த 3,000 ரூபாயை அம்மா பெயரில் அஞ்சலகக் கணக்கில் போடச் சொன்னேன். எடுப்பதற்கு ஒருமுறை அஞ்சலகம்வரை நடக்க வேண்டும். அந்த நடை ஒரு நல்ல மின்தடை.

சிறுகச் சேர்ப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதன்று. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை, வணிகர்களின் மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசியாலும் வளர்ந்த பள்ளி. காமராசர் அங்கே படித்தவர். ஒரு பிடி குறைந்ததால் அந்த வீடுகளில் யாரும் பசியோடு படுத்திருக்க மாட்டார்கள்.

மாணவன் கணக்கைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். மறுநாள் வந்து, “அம்மா ஒரு திருத்தம் சொன்னார்கள் சார். 30 நாள் போதாதாம், போன வருஷம் ஆலை திறந்தும் முதல் கூலி கைக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆனதாம்” என்றான். 7 நாளுக்கு 2,100 ரூபாய். கார்டுக்கு ஒதுக்கிய 8,000-ஐ 5,900 ஆக்கி எழுதினோம்.