வீட்டில் மருந்து அரைக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

நோயாளர்களின் வீட்டார் எங்களிடம் மருந்தைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு, அம்மருந்தை எதில் அரைப்பது என்று கேட்பதில்லை. சுக்கு எத்தனை பங்கு, மிளகு எத்தனை பங்கு, உணவுக்கு முன்னரா பின்னரா என்பவற்றை எல்லாம் கவனமாகக் குறித்துக்கொள்கின்றனர். வீடு திரும்பியதும், காலையில் மிளகாய் வற்றல் பொடித்த அதே மிக்சி ஜாரில் கடுக்காயையும் இட்டு ஓட்டிவிடுகின்றனர். கடையத்துக்கும் தென்காசிக்கும் இடையே நிற்கும் தோரணமலையில் அகத்தியரும் தேரையரும் மருத்துவம் வளர்த்தனர் என்பது இவ்வட்டாரத்தின் நெடுநாளைய நம்பிக்கை. அந்த மரபு, எந்தச் சரக்கை எவ்வளவு நேரம் கல்வத்தில் அரைப்பது என்பதைச் சாமக் கணக்கில் வரையறுத்தது. ஒரு சாமம் என்பது மூன்று மணி நேரம். அத்தனை பொறுமை இன்று எவருக்கும் இல்லை. எல்லா மருந்துக்கும் அது தேவையும் இல்லை. ஆயினும் அரைக்கும் கருவியிலிருந்து உதிர்வதும் மருந்தோடு சேர்ந்து உடலுக்குள் செல்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கருவியைத் தேடுமுன், பொடி எவ்வளவு நயமாக இருக்க வேண்டும் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பொடி எவ்வளவு நயமாகிறதோ அவ்வளவு விரைவாக அதன் சாரம் இறங்கும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத் துண்டின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால், அதே பொருளின் மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். எனவே நேரடியாக விழுங்கும் சூரணத்தை நன்கு பொடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்வது முறை. இதனையே வஸ்திரகாயம் செய்தல் என்பர். குடிநீரின் கதை வேறு. நிலவேம்புக் குடிநீர் போன்றவற்றுக்குச் சரக்குகளை ஒன்றிரண்டாக இடித்தாலே போதும். கொதிக்கவைத்து வடிகட்டும்போது திப்பி வடிகட்டியில் தங்கி, சாறு மட்டும் இறங்க வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் பொடி வடிகட்டியைத் தாண்டிக் குவளைக்குள் வந்துவிடும். வயிறு நலிந்த நோயாளருக்கு அந்தக் கலங்கலே குமட்டலை உண்டாக்கும். குடிநீருக்கு என்று வாங்கிய சரக்கை மிக்சியில் மாவாக்குவதுதான் நாங்கள் மிகுதியாகக் காணும் தவறு.

அளவிலும் இதனால் வேறுபாடு வருகிறது. ஒரு தேக்கரண்டி நயமான பொடியும் ஒரு தேக்கரண்டி பரும்பொடியும் ஒரே எடை இரா. மருத்துவர் கிராம் கணக்கில் சொல்லியிருந்தால் சிறிய மின்னணுத் தராசில் நிறுத்துக் கொடுங்கள்.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். எங்கள் கருத்தில் வீட்டுக்கு முதலில் தகுதியானது கருங்கல்லால் ஆன சிறு கல்வமும் குழவியும்தான். கருங்கல் கடினமானது; புளிப்பும் துவர்ப்பும் அதனைத் தின்பதில்லை. வாங்கும்போது நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்து வெண்தூள் உதிர்ந்தால் அது மாக்கல். மாக்கல் சட்டி குழம்பு வைக்க ஏற்றது, சுக்கு இடிக்க ஏற்றதன்று. புதிய கருங்கல்லிலும் கொத்திய தூள் ஒட்டியிருக்கும். ஒரு பிடி பச்சரிசியை இட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள். அரிசி மாவு சாம்பல் நிறம் மாறி வெள்ளையாக வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்த பின்னரே மருந்துக்குப் பயன்படுத்த வேண்டும். நம் பாட்டிமார் புது அம்மிக்குச் செய்ததும் இதுவே.

இரும்பு உரலும் உலக்கையும் வேர், பட்டை, கொட்டை ஆகியவற்றை உடைக்க மிக வசதியானவை. ஆனால் கடுக்காய், நெல்லிவற்றல், தான்றிக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகளை, அதிலும் ஈரம் இருக்கும்போது, இரும்பில் இட்டால் அவை கறுத்துப்போகும். இதில் புதிர் ஏதுமில்லை. முற்காலத்தில் கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து எழுதுமை காய்ச்சினார்கள். அன்னபேதி இரும்பின் உப்பு. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மையாகிறது. ஆதலால் திரிபலைக்குக் கல் நல்லது, திரிகடுகத்துக்கு இரும்பு உரல் போதும். இரும்பு உரலில் துரு ஏறியிருந்தால் எதற்கும் ஆகாது.

பித்தளை உரல் அழகானது. பூசை அறையிலிருந்தோ பரணிலிருந்தோ எடுத்துத் துலக்கிப் பயன்படுத்தத் தோன்றும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. கடைவதற்கு எளிதாக இருக்கும் பொருட்டு அதில் காரீயம் சேர்ப்பதும் உண்டு. எந்தப் பழைய உரலில் எவ்வளவு காரீயம் இருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. இடிக்கும்போது உலோகம் தேய்ந்து பொடியில் கலக்கும்; புளிப்புப் பொருள் பட்டால் இன்னும் கூடுதலாக இறங்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கும் செல்லும். பிள்ளைக்கு உரை மருந்து உரசவோ கருவுற்றவருக்கு மருந்து இடிக்கவோ பழைய பித்தளையை எடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்கிறோம். அலுமினியம் மென்மையானது, எளிதில் கீறும். அதையும் தவிர்த்துவிடலாம்.

மிக்சி இல்லாத வீடு இன்று அரிது. 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பின் சிற்றூர்களிலும் அது அடுப்பங்கரையின் அங்கமாகிவிட்டது. மருந்துக்கு மிக்சியைப் பயன்படுத்துவதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கென ஒரு சிறிய எவர்சில்வர் ஜாரைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஜாரின் உட்புறம் கடினமான வேர்களால் கீறப்படும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி, துளசி, ஓமம், கிராம்பு ஆகியவற்றின் மணத்தைத் தரும் எண்ணெய் ஆவியாகிவிடும்; அரைக்கும்போது வீடெல்லாம் மணத்தால், அந்த மணம் மருந்தை விட்டுப் போய்விட்டது என்று பொருள். இருபது முப்பது விநாடி ஓட்டி, நிறுத்தி, ஜார் ஆறிய பின் மீண்டும் ஓட்டுங்கள். நின்றவுடன் மூடியைத் திறக்காமல் ஐந்து நிமிடம் தூசி அடங்க விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அருகில் இருக்கவே வேண்டாம். அரைப்பவரும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நலம்.

அரைத்த பொடியில் இரும்புத் தூள் கலந்திருக்கிறதா என்பதை ஒரு காந்தத்தைக் கொண்டு பார்த்துவிடலாம். காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பொடிக்குள் மெதுவாக அளையுங்கள். தாளின் மேல் கருந்தூள் ஒட்டி வந்தால் மிக்சியின் கத்தியோ உரலின் பூணோ தேய்கிறது என்று அறியலாம். பித்தளையும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டா. அவற்றை இச்சோதனை காட்டிக்கொடுக்காது.

இப்போது ஒரு புதிய கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள், பெற்றோருக்கு உதவியாக இருக்கட்டும் என்று இணையக் கடையில் மூலிகை அரைக்கும் கருவியைத் தேடுகின்றனர். உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டையான உலோகச் சிமிழ் ஒன்று வந்து சேர்கிறது. இரண்டு தட்டுகள், உட்புறம் கூரிய பற்கள், அடியில் ஒரு சல்லடை; இரு கைகளாலும் பிடித்துத் திருக வேண்டும். உண்மையில் இது கஞ்சாப் பூவை உதிர்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. உருகுவே 2013இலும் கனடா 2018இலும் கஞ்சாவைச் சட்டத்துக்கு உட்பட்ட பொருளாக்கின. இத்தகைய சிமிழ்கள் அந்நாட்டுக் கடைகளில் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. நம் நாட்டு இணையக் கடைகளில் அவை மூலிகைக் கருவி என்ற பொதுப்பெயரில் வருகின்றன. பிசுபிசுப்பான மென்பூவுக்காகச் செய்யப்பட்ட பற்கள் சுக்கையோ அதிமதுரத்தையோ தாங்கமாட்டா. விலை மலிந்தவற்றில் துத்தநாகக் கலவையின் மேல் வண்ணப்பூச்சு இருக்கும். திருகும்போது பூச்சு உரிந்து பொடியில் விழும். நோயாளருக்கு மருந்து அரைக்க இது வேண்டாம். கையில் ஏற்கெனவே இருந்தால், காய்ந்த துளசி இலையை நொறுக்கக்கூட அதைவிடச் சுத்தமான இரு கைகளே மேல்.

கஞ்சாவைப் பற்றியும் சில குடும்பங்கள் தயக்கத்தோடு கேட்கின்றன. குறிப்பாகப் புற்றுநோயாளரின் வலியைப் பார்த்துப் பொறுக்க முடியாதவர்கள். அவர்கள் மீது எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்தின்படி கஞ்சாப் பூவை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் தண்டனைக்குரிய குற்றம்; நோயைக் காரணம் காட்டித் தாமாக வாங்கி அரைத்துக்கொள்வதற்கு அதில் இடமில்லை. கஞ்சா சேரும் சித்த, ஆயுர்வேத மருந்துகள் உண்டு. அவை உரிமம் பெற்ற நிறுவனங்களால் செய்யப்பட்டு, மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையோடு வருபவை. வெளிநாடுகளில் கீமோதெரபியின் குமட்டலுக்குத் தரப்படும் நாபிலோன், டிரோனாபினால் ஆகியவையும் மில்லிகிராம் கணக்கில் அளந்த மருந்துகளே. வீட்டில் அரைத்த பூவில் அந்த அளவு எவருக்கும் தெரியாது. நெஞ்சு படபடப்பு, இரத்த அழுத்த மாற்றம், மனக்குழப்பம் ஆகியவை முதியவர்களிடம் எளிதில் வரும். வலிக்கு வழி இல்லாமல் இல்லை. வாய்வழி மார்பின் பல ஆண்டுகளாகப் புற்றுநோய் வலிக்கான அடிப்படை மருந்து. 2014இல் அதே சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதனை வழங்குவது எளிதாக்கப்பட்டது. வலி தாங்க முடியவில்லை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலிதணிப்புச் சிகிச்சைக்கு வழிகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கருவி எதுவாயினும் அதற்குள் இடும் பொருள் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் காலத்தில் விற்கும் வேர்களும் பட்டைகளும் காய்ந்தபின் ஒன்றுபோலத் தோன்றும். முழுச் சரக்காக இருக்கும்போது அறிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம். பொடியாகிவிட்டால் எவராலும் எளிதில் சொல்ல இயலாது. ஆகவே பொடியாக விற்பதைவிட முழுச் சரக்கை வாங்குங்கள். ஐயம் எழுந்தால் சித்த மருத்துவரிடமோ, பாளையங்கோட்டையில் 1964 முதல் இயங்கிவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ காட்டலாம். சேராங்கொட்டை, எட்டிக்கொட்டை, நேர்வாளம் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் வீட்டில் அரைக்கக் கூடாது. சேராங்கொட்டையின் பால் பட்டாலே தோல் கொப்பளிக்கும். அரைத்த ஜாரை அதன்பின் சமையலுக்கு எடுத்தால் வீட்டார் அனைவருக்கும் கேடு.

மருந்துக் கல்வம் இன்னொரு வேலைக்கும் எடுக்கப்படுகிறது. மூக்கு வழியே குழாய் பொருத்திய நோயாளருக்கு மாத்திரையை நுணுக்கிக் கொடுக்கும் குடும்பங்கள் பல. அதற்குச் சிறிய பீங்கான் கல்வத்தைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மூலிகையை அரைக்க வேண்டாம். எல்லா மாத்திரைகளையும் நுணுக்கவும் கூடாது. பெயருக்குப் பின் எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று அச்சிட்டிருப்பவை மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. நுணுக்கினால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளில் இவ்வகை மிகுதி. குடலில் கரைய வேண்டிய உறை போட்ட மாத்திரைகளும் அவ்வாறே. நுணுக்குமுன் மருந்தாளுநரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். அதற்கு மாற்றாகத் திரவ மருந்து கிடைக்கக்கூடும்.

இன்னும் பருவநிலை இருக்கிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மலையிலிருந்து சாரல் வீசும் நாட்களில் கடையத்தில் துணி காய்வதே அரிது. மூலிகை எங்கே காயும்? ஈரம் உள்ள இலையை அரைத்தால் பொடி கட்டிபட்டு இரண்டொரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இலையைக் கையில் எடுத்து நொறுக்கினால் சலசலவென ஓசை எழ வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை. சாரல் காலத்துக்கு வேண்டியதைச் சித்திரை, வைகாசியிலேயே நிழலில் உலர்த்தி, முழுதாகக் காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்கு ஆவதை மட்டும் அவ்வப்போது அரைப்பது சிறந்தது. சித்த மரபு சூரணத்துக்கு மூன்று மாத ஆயுளே தருகிறது. நம் ஊர் ஈரக் காற்றில் அதற்கு முன்னரே முடித்துவிடுவது நல்லது. புட்டியைத் திறந்ததும் ஊசல் நாற்றம் வந்தால் வெயிலில் வைத்து மீட்க முயலாமல் கொட்டிவிடுங்கள்.

அரைத்து முடித்ததும் கல்வத்தையும் ஜாரையும் கழுவி, கத்தியின் அடியில் தங்கிய நீரையும் துடைத்து, முழுதும் உலரவைத்த பிறகே மூடி வையுங்கள். எங்களிடம் வரும்போது, அரைத்த பொடியில் ஒரு சிட்டிகையும், அரைக்காத சரக்கில் ஒரு துண்டும், உண்டுவரும் ஆங்கில மருந்துகளின் அட்டைகளும் ஒரே பையில் இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஆவாரம்பூவையும் நாவல் கொட்டையையும் சேர்த்து உண்ணும்போது சர்க்கரை அளவு எதிர்பாராமல் இறங்கக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவருக்குப் பூண்டும் இஞ்சியும் மிகுந்தால் கசிவு ஏற்படலாம். சிறுநீரகம் நலிந்தவருக்கு எந்தப் பொடியையும் கேட்காமல் தொடங்கக் கூடாது. பையைத் திறந்து காட்டினால் இவற்றை எல்லாம் அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவோம்.