உஷார்! துணியில் தீ வைத்துப் பார்க்கிறீர்களா?

“பட்டா பாலியஸ்டரா? கொளுத்திப் பார், தெரிஞ்சிடும்!” யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கொளுத்த வேண்டியது ஒரே ஒரு நூலை. ஆனால் முந்தானை நுனியையே கையில் பிடித்துக்கொண்டு கேஸ் அடுப்பில் காட்டுகிறார்கள் சிலர். வினையே அங்கேதான்.

பருத்தி எரிந்தால் சாம்பலாய் உதிரும். பாலியஸ்டரும் நைலானும் உருகிச் சொட்டும். பாலியஸ்டர் உருகுவது சுமார் 250 டிகிரி செல்சியஸில். அந்தச் சொட்டு விரலில் விழுந்தால் வழிந்து ஓடாது. ஒட்டிக்கொண்டு சுட்டபடியே இருக்கும். பிடுங்கினால் தோலும் கூடவே வரும். பிடுங்கவே பிடுங்காதீர்கள்! குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

கம்பளி என்று நம்பிய சால்வை அக்ரிலிக்காக இருந்தால் இன்னும் மோசம். கம்பளி தீயை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணையும். அக்ரிலிக் குபுகுபுவென்று எரியும், புகையில் சயனைடு வாயுவும் உண்டு.

பார்த்தே தீர வேண்டுமா? மடிப்புத் தையலுக்குள்ளிருந்து பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் இழை உருவுங்கள். இரண்டும் ஒரே நூல்தான் என்று யார் சொன்னது? பாவு பட்டாகவும் ஊடை பாலியஸ்டராகவும் நெய்த புடவைகள் உண்டு. இழையை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே மெழுகுவத்தியில் காட்டுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். நைலான் நைட்டியோடு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சும் கரி, ஆறியபின் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் கரும்புகை விட்டு, நகத்துக்கு மசியாத கெட்டி மணியாக உறையும். காகிதம் எரிகிற வாசனையா? உடனே ‘சுத்தக் காட்டன்’ என்று துள்ளாதீர்கள். ரேயானும் அதே வாசனைதான். பட்டு என்று தலையில் கட்டப்படும் ‘ஆர்ட் சில்க்’ பலவும் இந்த ரேயான்தான். மோதிரத்துக்குள் புடவையை நுழைத்துப் பார்ப்பது வெறும் வேடிக்கை. மெல்லிய பாலியஸ்டரும் ஜோராக நுழையும்.

நெருப்பு வேண்டாம் என்று பாட்டிலைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளோரின் பிளீச்சில் பட்டும் கம்பளியும் கரையும், உண்மைதான். ‘சீக்கிரம் கரையட்டும்’ என்று டாய்லெட் ஆசிட்டையும் அதில் ஊற்றினால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும். அசிடேட் துணியைக் கரைத்துப் பார்க்க அசிடோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைத் திறக்கிறவர்கள் தீப்பெட்டியை அடுத்த அறையில் வையுங்கள். அதன் ஆவி தீயைத் தேடிப் போய்ப் பற்றும்.

ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் பட்டுக்கு இந்த வித்தை எதற்கு? மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவோடு 2004 முதல் ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறது. ஹாலோகிராம் ஒட்டிய அந்த அட்டை புடவையில் தொங்குகிறதா என்று, பில் போடுவதற்கு முன்பே பாருங்கள்.