பெரிட்டின் மட்டும் போதாது: கல்லீரல் இரும்பை அளக்கும் எம்.ஆர்.ஐ.

“மிஷினுக்குள்ள பிள்ளைய விட்டா, ஒடம்புல இருக்கிற இரும்பக் காந்தம் இழுத்துடாதா?”

ஈப்போவுக்குப் போகும் வழியில் சித்தி கேட்ட கேள்வி இது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள் என்பதால் என்னைத் துணைக்கு அழைத்திருந்தார்.

சித்தி மகனுக்கு வயது 14. தலசீமியா நோயாளி. சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் வீடு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும்.

ஏற்றப்படும் ஒரு பை இரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடலோ நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான் இழக்கிறது. மிச்சம் கல்லீரலில் சேர்கிறது; இதயத்திலும் சுரப்பிகளிலும்கூட படிகிறது. அதை வெளியேற்றத்தான் அவனுக்குத் தினமும் மாத்திரை.

சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் பெரிட்டின் அளவு சற்று இறங்கியிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. மாத்திரையும் அவ்வப்போது விட்டுப்போனது. ஸ்கேன் முடிவு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது: ஒரு கிராம் உலர்ந்த கல்லீரல் திசுவுக்கு 12 மில்லிகிராம் இரும்பு!

பொதுவாக 1.8க்குக் கீழே இருந்தால் இயல்பு. 7ஐத் தாண்டினால் பாதிப்புகள் கூடும். 15ஐத் தாண்டினால் பேராபத்து. காய்ச்சல், கிருமித்தொற்று, கல்லீரல் அழற்சி ஆகியவை பெரிட்டினை ஏற்றிக் காட்டும். வேறு சில வேளைகளில் இருப்பதைவிடக் குறைவாகவும் காட்டும். அதனால்தான் அதை மட்டும் நம்பக்கூடாது.

முன்பு ஊசியால் கல்லீரலைத் துளைத்துத் திசு எடுத்துத்தான் அளந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் உருவான பெரிஸ்கேன் என்ற எம்.ஆர்.ஐ. முறைக்கு 2005இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. உடலிலுள்ள நீரிலிருந்து வரும் சமிக்ஞையை இந்தக் கருவி பதிவு செய்கிறது. இரும்பு கூடக் கூட அந்தச் சமிக்ஞை விரைவாக மங்கும். மங்கும் வேகமே கணக்கு.

சித்தியின் கேள்விக்குப் பதில்: இழுக்காது. உடலில் சேர்ந்த இரும்பு, ஆணி போன்ற இரும்புத் துண்டு அல்ல. ஆனால், வெளியே அணிந்திருக்கும் உலோகம் ஆபத்து. தாலி, மெட்டி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இதயமுடுக்கி, காதுக்குள் பொருத்திய கருவி, அறுவையில் வைத்த உலோகம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே கதிர்வீச்சு இதில் இல்லை. இரும்பை அளக்க மட்டும் என்றால் சாய ஊசியும் தேவையில்லை. சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் தருவார்கள். அசையாமல் படுத்து, சொல்லும்போது மூச்சை அடக்கினால் போதும். குறுகிய இடம் பயம் என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, கல்லீரல் நன்றாக இருந்தும் இதயத்தில் இரும்பு படிந்திருக்கலாம். எனவே ‘இதயத்தையும் அளந்தீர்களா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். “பரவாயில்லை” என்ற பதிலோடு வீடு திரும்பாமல், எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தலசீமியா நம்மவர்களுக்கு வராது என்ற எண்ணமும் தவறு. 2016 முதல் படிவம் நான்கு மாணவர்களுக்குப் பள்ளியிலேயே பரிசோதனை நடக்கிறது. பெற்றோர்களே, அந்த அனுமதிப் படிவத்தில் தயங்காமல் கையெழுத்திடுங்கள்.

சித்தி வீட்டு நாட்காட்டியில் இப்போது 12 என்ற எண் சிவப்பு மையில் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் தம்பியே கோடு போடுகிறான். அடுத்த ஸ்கேனில் அந்த எண் இறங்க வேண்டும்.