மூச்சுத்திணறலைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்

மீசோதீலியோமா என்பது பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையிலும், சிலருக்கு வயிற்று உறையிலும் தோன்றும் புற்றுநோய். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே பொதுவாக இது வெளிப்படுகிறது. முற்றிய நிலையில் இந்நோயை முழுமையாகக் குணப்படுத்த இயலாது. ஆயினும், அதனுடன் வரும் சிக்கல்கள் பலவற்றைத் தணிக்க இயலும்.

என்னிடம் வந்த ஒரு நோயாளி, மூன்று வாரங்களாகப் படுக்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்தே உறங்கியிருந்தார். "இந்த நோய்க்கு இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுட்டோம், டாக்டர்" என்றார் அவருடைய மனைவி. மார்பில் கோத்திருந்த நீரை வெளியேற்றிய அன்றிரவே அவர் படுத்து உறங்கினார். அந்த மூன்று வாரத் துன்பம் தேவையற்றது.

மார்பில் நீர் கோத்தல்

மூச்சுத்திணறலுக்கு முதன்மையான காரணம் இதுவே. நீரை ஒரே வேளையில் மிகுதியாக எடுத்தால் நுரையீரல் வீங்கக்கூடும். எனவே பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நீர் மீண்டும் சேருமாயின், டால்க் மருந்தைச் செலுத்தி உறையின் இரு படலங்களையும் ஒட்டச் செய்யலாம். நுரையீரல் விரிய மறுத்தால் இம்முறை பயன் தராது. அப்போது மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, வீட்டிலேயே நீரை வெளியேற்றக் கற்றுத்தருகிறோம். முகத்தின்மீது விசிறிக்காற்று படுமாறு அமர்வதும் திணறலைக் குறைக்கும்.

வலி

நோய் மார்புச் சுவரையும் நரம்புகளையும் ஊடுருவுவதால் வலி உண்டாகிறது. மார்ஃபினைத் தொடங்குவதை முடிவின் அறிகுறியாகக் கருதிப் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையில்லை. உரிய அளவில், மருத்துவர் கண்காணிப்பில் அது பாதுகாப்பானது. மலச்சிக்கல் ஏற்படும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே தருவோம். ஊசியோ குழாயோ செலுத்திய இடத்தில் கட்டி தென்பட்டால் எங்களிடம் காட்டுங்கள்.

உடல் மெலிதல்

பசியின்மையும் மெலிவும் நோயின் விளைவுகள், பராமரிப்பவரின் குறையன்று. வற்புறுத்தி ஊட்டாமல், விரும்பிய உணவைச் சிறுசிறு அளவில் அடிக்கடி கொடுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்

• ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி (இரத்த உறைவாக இருக்கலாம்)
• திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி
• முகமும் கழுத்தும் வீங்குதல்
• கால்கள் வலுவிழத்தல், சிறுநீர் பிரியாமை
• குழாய் பொருத்தியவருக்குக் குளிருடன் காய்ச்சல்
• வயிறு உப்பி, தொடர்ந்து வாந்தி

இவற்றுள் எது தோன்றினாலும், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராதீர்கள், இரவானாலும் வாருங்கள். மற்றத் தொல்லைகளை நாள்தோறும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். நோயாளி சொல்லத் தயங்குவதைப் பல நேரங்களில் அந்தத் தாளிலிருந்தே நாங்கள் அறிகிறோம்.