கணைய நீர்க்கட்டியும் நெடுங்காலக் கண்காணிப்பும்

நோய்க்கு மருந்து உண்பது, மருந்தால் தீராவிடில் அறுவை செய்துகொள்வது என்னும் இரண்டையே மருத்துவம் எனக் கருதிப் பழகிவிட்டோம். ஆண்டுக்கணக்கில் மறவாது பார்த்து வருவதும் மருத்துவமே என்பதற்குக் கணைய நீர்க்கட்டி தக்க சான்றாகும்.

கட்டியின் இயல்பு

இரைப்பைக்குப் பின்புறம் குறுக்காக அமைந்த, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள உறுப்பு கணையம். செரிமான நீரையும் இன்சுலினையும் சுரப்பது அதன் தொழில். சிறுநீரகக் கல்லுக்கோ வயிற்று வலிக்கோ எடுக்கப்படும் ஸ்கேனில், கணையத்தில் ஒரு நீர்க்கட்டி எதிர்பாராது தென்படுவதுண்டு. 'கட்டி' என்ற சொல்லே குடும்பத்தை நிலைகுலையச் செய்துவிடுகிறது. ஆயினும் எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. கணைய அழற்சிக்குப் பின் தோன்றும் போலிக்கட்டி புற்றாக மாறுவதன்று. தெளிநீர் நிறைந்த கட்டியும் மிக அரிதாகவே மாறும். கோழை போன்ற நீரைச் சுரக்கும் கட்டிகளே கண்காணிப்புக்கு உரியன.

அவற்றுள் முதன்மையானது, கணைய நாளத்தின் உட்சுவரில் தோன்றும் ஐ.பி.எம்.என். என்னும் வகை. இதனை 1982இல் ஜப்பானிய மருத்துவர் ஒஹாஷி குழுவினர் முதன்முதலில் விளக்கினர். பெருநாளத்தில் தோன்றுவது இடர் மிக்கது. கிளை நாளத்தில் தோன்றுவது பெரும்பாலும் அமைதியாகவே இருந்துவிடும்.

உடனே அகற்றினால் என்ன?

இவ்வினா எழுதல் இயல்பே. கணையத்தின் தலைப்பகுதியை அகற்றுங்கால் முன்சிறுகுடலையும் பித்தநாளத்தின் ஒரு பகுதியையும் உடன் அகற்ற நேரிடும். பின்னர் நீரிழிவு வரலாம். அறுவையால் உயிரிழப்போரும் உண்டு. புற்றாகவே மாறாத கட்டிக்கு இத்துணை விலை கொடுத்தல் தகுமா? மறுபுறம், கணையப் புற்று பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுவது. அஞ்சி விரைதலும் தீங்கு. அயர்ந்து மறத்தலும் தீங்கு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே கண்காணிப்பு.

நெறிமுறைகள்

2006இல் வெளிவந்த செண்டாய் நெறிமுறை, 3 சென்டிமீட்டர் அளவை அறுவைக்குரிய காரணமாகக் கொண்டது. 2012இல் வந்த ஃபுகுவோகா நெறிமுறை அதனைக் கவலைக்குரிய குறி என்ற அளவில் நிறுத்தியது. பொறுத்திருந்து கண்ட அறிவே இம்மாற்றத்தைத் தந்தது எனலாம். 2024இன் கியோட்டோ நெறிமுறைப்படி, கவலைக்குரிய குறி இல்லாத, 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியை 6 மாதம் கழித்து ஒருமுறையும், மாற்றமில்லையெனில் 18 மாதங்களுக்கு ஒருமுறையும் பார்த்தல் வேண்டும். 2 முதல் 3 சென்டிமீட்டர் வரையிலான கட்டிக்கு 6 மாத இடைவெளியில் இருமுறை பார்த்தபின் ஆண்டுக்கொரு பார்வை போதும். அதனினும் பெரியதற்கு 6 மாதங்களுக்கு ஒருமுறை வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், எண்டோஸ்கோப்பி வழிச் செய்யும் அல்ட்ராசவுண்டும் இதற்கு உதவுவன.

மஞ்சட்காமாலை, கட்டியினுள் 5 மில்லிமீட்டருக்குக் குறையாத சதைமுடிச்சு, பெருநாளம் 10 மில்லிமீட்டர் அளவுக்கு விரிதல் ஆகியன அறுவையை வற்புறுத்தும் குறிகள். கட்டி விரைந்து வளர்தலும், புதிதாக நீரிழிவு தோன்றுதலும் எச்சரிக்கைகள்.

எதுவரை?

இதில்தான் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. 5 ஆண்டுகள் மாற்றமில்லையெனில் நிறுத்தலாம் என்றது 2015இன் அமெரிக்க நெறிமுறை ஒன்று. அறுவையைத் தாங்கும் உடல்நிலை உள்ளவரை தொடர்க என்றது 2018இன் ஐரோப்பிய நெறிமுறை. கிளை நாள வகையினர் 1,404 பேரைத் தொடர்ந்து கண்டு, டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. அவர்களுள் கணையப் புற்று கண்டவர் 5 ஆண்டில் 3.3 விழுக்காடு, 15 ஆண்டில் 15 விழுக்காடு. அவற்றுட் சில, கட்டியில் அன்றிக் கணையத்தின் வேறிடத்தே தோன்றியவை. ஆதலின் கட்டியை மட்டுமன்றி உறுப்பு முழுவதையும் நோக்குதல் வேண்டும். ஒரு பகுதியை அகற்றிய பின்னும் எஞ்சிய பகுதியைக் கண்காணித்தல் இக்காரணம் பற்றியே. எனினும், அறுவையைத் தாங்கவியலாத முதுமையில் ஸ்கேன் அச்சத்தை வளர்க்குமேயன்றிப் பயன் தாராது. அந்நிலையில் மருத்துவரோடு கலந்து நிறுத்துவதும் அறிவுடைமையே.

நிறைவாக

இன்றைய படத்தைச் சென்ற ஆண்டின் படத்தோடு ஒப்பிடும்போதே மாற்றம் புலனாகும். ஆதலின் பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் பேணி வைத்தல் நோயாளியின் கடமை. வலியில்லையே என்று அடுத்த தவணையைத் தவறவிடாது நினைவூட்டுதல் வீட்டிலுள்ள இளையோரின் கடமை. 'கட்டி' எனக் கேட்டு நடுங்கும் பெரியவரிடம், இது தீர்ப்பன்று, விழிப்போடு இருக்கச் சொல்லும் அறிவிப்பே என எடுத்துரைத்தல் கற்றோர் அனைவரின் கடமையுமாகும்.